நாகப்பட்டினத்தில் கிடைக்காத குழம்பு

சிங்கப்பூருக்கு வந்த புதிதில், கூட வேலை பார்த்த சீனர் ஒருவர், “உங்கள் ஊர் மீன்தலைக் கறி சாப்பிடப் போகலாமா?” என்று கேட்டார். எங்கள் ஊர் நாகப்பட்டினம். மீன் தின்றே வளர்ந்தவன் நான். அப்படி ஒரு பண்டத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. அம்மா வைக்கும் குழம்பில் தலையும் கிடக்கும், வாலும் கிடக்கும். தலை பெரும்பாலும் கடைசியாகச் சாப்பிட உட்காரும் அம்மாவின் பங்கு. தலையை மட்டும் தனிச்சட்டியில் வைத்து, அதற்கொரு பெயரும் விலையும் போட்டு விற்பதை தேக்கா வட்டாரத்து ரேஸ் கோர்ஸ் சாலையில்தான் முதலில் பார்த்தேன்.

சட்டி வந்து இறங்கியது. ஊரில் சங்கரா என்போமே, அதன் பெரியண்ணன். இங்கே மலாய்ப் பெயரில் ஈக்கான் மேரா. தலையே இரண்டு கையகலம் இருந்தது. சுற்றிலும் வெண்டைக்காய், கத்தரிக்காய், கொதி அடங்காத சிவந்த புளிக்குழம்பு. நண்பர் இலையில் சோற்றை ஒதுக்கிவிட்டு, கரண்டி முனையால் கன்னத்துச் சதையை நெம்பி எடுத்தார். அடுத்தது கண். அதைத் தான் சாப்பிடாமல் என் இலையில் வைத்தார். விருந்தாளிக்குச் செய்கிற மரியாதை என்று பிறகுதான் தெரிந்தது. அன்று என் கண்ணை மூடிக்கொண்டு அதன் கண்ணை விழுங்கினேன்.

இந்தக் குழம்பின் பூர்வீகத்தைத் துருவிப் பார்த்தால் அது தமிழரிடம் போய் நிற்கவில்லை. கேரளத்திலிருந்து வந்த எம்.ஜே. கோமஸ் என்பவர் 1949இல் சோஃபியா சாலையில் கடை நடத்தினார். சீனர்கள் மீன்தலையை விரும்பி உண்பதைக் கவனித்தவர், தம் ஊர் மசாலாவில் தலையைப் போட்டுக் கொதிக்கவிட்டார். மலையாளி கை, சீனர் நாக்கு. தமிழர்கள் பிறகு வந்து சேர்ந்தோம். சேர்ந்த பிறகு விடவில்லை. 1969இல் முத்தூஸ் கறி, 1974இல் பனானா லீஃப் அப்போலோ. இரண்டுமே இன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் இருக்கின்றன. குதிரைப் பந்தயம் 1933இலேயே புக்கித் தீமாவுக்குப் போய்விட்டது. சாலையில் பெயர் மட்டும் தங்கிவிட்டது. (பக்கத்தில் பஃபலோ சாலையிலும் எருமை கிடையாது. மாட்டுக் கொட்டகைகள் இருந்த காலத்துப் பெயர் அது. இப்போது காய்கறியும் வாழையிலையும் விற்கிறார்கள்.)

சைவக் கடைகள் இதற்கெல்லாம் மூத்தவை. ஆனந்த பவன் 1924இல் வந்தது, சிராங்கூன் சாலைக் கோமள விலாஸ் 1947இல். பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுக் கப்பலேறி வந்த ஆண்களுக்கு இப்படிப்பட்ட கடைகள்தான் அடுக்களை. ஊர் ருசியை மாற்றாமல் காப்பாற்றித் தருவது அவற்றின் வேலை. காலையில் பசியாற நான் போவதும் அங்கேதான். ஆனால், எது சிங்கப்பூர்த் தமிழ்ச் சாப்பாடு என்று கேட்டால் தோசையைக் காட்ட மாட்டேன். தேக்கா நிலையத்துக்குப் போய், மீ கோரெங் போடுகிறவர் கடை முன்னால் நிற்கச் சொல்வேன். சீனரின் மஞ்சள் மீ நூடுல்ஸ், மலாய்ப் பெயர், வாணலியில் தக்காளி சாஸும் மிளகாய் விழுதும் உருளைக்கிழங்குமாகப் புரட்டி எடுப்பது தமிழ் முஸ்லிம் கை. சென்னையில் இதைத் தேடி அலைந்தால் கால்தான் வலிக்கும்.

சென்னை என்றதும் நினைவு வருகிறது. வேலை தேடிய காலத்தில் இரண்டு வருஷம் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் கிடந்தேன். மாதக் கடைசியில் கையில் காசு மிஞ்சினால் ரத்னா கஃபே. இட்லியை மூழ்கடித்து ஊற்றுவார்களே அந்தச் சாம்பார், அதைவிடச் சுத்தமான தமிழ் ருசி உலகத்தில் இல்லையென்று அறைத்தோழர்களிடம் சத்தியம் செய்திருக்கிறேன். 1948இல் அந்தக் கடையைத் தொடங்கியவர் வடக்கே மதுராவிலிருந்து வந்த குப்தா என்பதைச் சிங்கப்பூர் வந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அதற்குள் மீன்தலை என்னைப் பக்குவப்படுத்தியிருந்ததால் அதிர்ச்சியாக இல்லை.

போன வருஷம் நாகப்பட்டினம் போனபோது அக்காவிடம் சொல்லி ஒரு பெரிய தலையை மட்டும் வாங்கி, இங்கே வைக்கிற மாதிரியே குழம்பு வைத்தேன். குழம்பு நன்றாகத்தான் வந்தது. அக்கா சட்டிக்குள் கரண்டியை விட்டு இரண்டு தரம் துழாவிவிட்டு, “மிச்ச மீன் எங்கடா?” என்றாள்.

தேக்காவுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மீன்தலைக்குத் தனியாகப் போகாதீர்கள். ஒரு தலை மூன்று பேருக்குக் காணும்.