திரையில் தமிழ் தெரிந்த கதை

கணிப்பொறி எழுத்தை அறியாது. எண்ணை மட்டுமே அறியும். நாம் 'க' என்று தட்டினால் ஓர் எண் பதிவாகிறது. அந்த எண்ணுக்குரிய வடிவத்தை, எழுத்துரு என்னும் வடிவத் தொகுப்பிலிருந்து எடுத்துத் திரையில் காட்டுகிறது. இதை மனத்தில் கொண்டால், கணிப்பொறியில் ஒரு தமிழ் நூலைப் படிக்க ஒரு காலத்தில் ஏன் அத்தனை பாடுபட வேண்டியிருந்தது என்பது விளங்கும்.

1998-ஆம் ஆண்டு பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. தன்னார்வலர்கள் தமிழ் இலக்கிய நூல்களைத் தட்டச்சு செய்து, இணையத்தின் வழியே இலவசமாக வழங்கினர். இதனை ஒருங்கிணைத்தவர் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பணியாற்றிய வேதியியல் அறிஞர் முனைவர் கல்யாணசுந்தரம். 'மயிலை' என்னும் இலவச எழுத்துருவை உருவாக்கியவரும் அவரே.

அந்நாளில் சாந்தோம் மாணவர் ஒருவர் அத்தகைய நூலொன்றை இறக்கிக்கொண்டார் என்று வைத்துக்கொள்வோம். திறந்தால் தமிழ் தெரியாது. பொருளற்ற அயல்குறிகளே தெரியும். உரிய எழுத்துருவைத் தேடிப் பெற்று, விண்டோசின் எழுத்துருக் கோப்புறையில் சேர்த்து, உலாவியின் அமைப்பையும் மாற்றிய பின்னரே படிக்க முடியும். பக்கத்து ஊரின் பெயர் தாங்கிய எழுத்துரு ஐரோப்பாவிலிருந்து வந்து சேர வேண்டியிருந்தது!

இத்துடன் தொல்லை தீரவில்லை. மளிகைக் கடையில் டப்பாக்களுக்கு எண் இட்டிருப்பதாகக் கொள்ளுங்கள். சீட்டில் '12' என்று எழுதினால் ஒரு கடையில் பருப்பு கிடைக்கும். மற்றொன்றில் மிளகு கிடைக்கும். எழுத்துருக்களும் அவ்வாறே இருந்தன. இணையத் தமிழர் பலர் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டை ஏற்றனர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையடுத்துத் தாம், தாப் என்னும் வேறு இரு குறியீடுகள் வந்தன.

1993-இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட பீ.டி.எஃப். முறை வேறு வழியைக் காட்டியது. நூலுடன் எழுத்துருவையும் அதே கோப்புக்குள் பொதிந்து அனுப்பலாம். படிப்பவர் அக்ரோபேட் ரீடர் என்ற ஒரே மென்பொருளை நிறுவினால் போதும். தொடக்கத்தில் விலைக்கு விற்கப்பட்ட அது பின்னர் இலவசமாயிற்று. மதுரைத் திட்டமும் இம்முறையில் நூல்களை வழங்கியது.

ஆயினும் கண்ணுக்குத் தெரிவது வேறு, உள்ளே இருக்கும் எண் வேறு. திரையில் அழகாகத் தெரியும் அத்தகைய கோப்பில் 'கடல்' என்று தேடினால் கிடைக்காது.

எண்ணையே பொதுவாக்கியது யூனிகோடு. 1991 முதல் அதில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் உள்ளன. 'க'வின் எண் 2965. விண்டோஸ் 2000 'லதா' எழுத்துருவுடன் வந்தது. 2010-இல் தமிழக அரசு யூனிகோடையும், தமிழ் அனைத்து எழுத்துரு 16 பிட் முறையையும் ஏற்றது.

உங்களிடமுள்ள பழைய தமிழ்க் கோப்பில் ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். சிதைந்த குறிகள் வந்தால், மாற்றுக் கருவிகள் கிடைக்கும் இக்காலத்திலேயே அதனை யூனிகோடாக மாற்றி, மூலத்துடன் சேர்த்து வையுங்கள். அந்த எழுத்துரு மறைந்தால், எண்கள் எஞ்சும், எழுத்து எஞ்சாது.