வலைஞர்மடத்தில் நின்று போதல்

சிங்க்வே தெர்ரே பற்றிய காணொளி ஒன்றாவது கண்ணில் படாத நாள் இப்ப இல்லை. இத்தாலியின் லிகூரியாக் கரையில், மலைச்சரிவில் ஒட்டிக்கொண்டிருக்கிற ஐந்து ஊர்கள். இரண்டு கூட்டாளிகள் முதுகில் பையோடு ஊரூராய் நடப்பினம், ஒரு திண்ணையில் இருந்து மீன் சாப்பிடுவினம், பின்னணியில் பியானோ. இதுக்குப் பெயர் மெதுபயணம். 1986 இல் உரோமில் மக்டொனால்ட்ஸ் கடை திறந்தபோது எழுந்த எதிர்ப்பிலிருந்து 'ஸ்லோ ஃபூட்' இயக்கம் பிறந்தது. 1999 இல் 'சித்தாஸ்லோ' என்று மெதுநகரங்களின் கூட்டு ஒன்றும் வந்தது. பயணத்துக்கும் அந்தச் சொல் அங்கிருந்துதான் ஒட்டியது.

ஆனால் அந்த ஐந்து ஊர்களுக்கிடையிலான நடைபாதைகள் உல்லாசப் பயணிகளுக்காக வெட்டப்பட்டவை அல்ல. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில் வருமட்டும் தரைவழி எண்டால் அதுதான். முந்திரிகைத் தோட்டத்துக்குப் போய்வந்த கால்கள் போட்ட பாதை.

எங்கட கரையிலும் அப்படி ஒரு பாதை இருந்திருக்கிறது. பரந்தனில் தொடங்கும் ஏ-35 வீதி கண்டாவளைப் பிரதேசத்தை ஊடறுத்து, முரசுமோட்டை, தர்மபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எண்டு முல்லைத்தீவுக்குப் போகுது. ஐம்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. பஸ்ஸில் ஏறினால் கடைசியில்தான் கடல் தெரியும். அதனால் கடற்கரை ஊர்களை வீதி முடியிற இடம் எண்டே நினைத்துப் பழகிவிட்டோம். வரைபடத்தைத் திருப்பிப் பாருங்கோ: சுண்டிக்குளம், சாலை, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால், வட்டுவாகல், சிலாவத்தை, அலம்பில், செம்மலை, நாயாறு, கொக்குத்தொடுவாய், கொக்கிளாய். கடலோடு போகிறவனுக்கு இது ஒரு தொடர்.

இதில் 'மடம்' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்போம். யாழ்ப்பாணத்தில் கந்தர்மடம், மருதனார்மடம் இருக்கின்றன. மடம் என்றால் நடந்து வருகிறவர்கள் தங்கிப் போகிற இடம். பக்கத்தில் ஒரு கிணறு, ஒரு நிழல். வலைஞர்மடம் என்ற பெயரை அப்படியே வாசித்தால், வலை வீசுகிறவர்களின் தங்குமிடம். முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியன் 1803 ஆகஸ்ட் 25 இல் பிடித்தது சோதனையில் வரும். வலைஞர்மடம் வராது.

நடந்தவர்கள் யார்? வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு முதல், சிலாவத்தைக் கடலில் உப்புநீர் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொண்டுபோய், அந்த நீரிலேயே விளக்கெரிப்பார்கள். பிறகு விளக்கு வற்றாப்பளைக்குப் போகும். இன்னும் நீளமானது கதிர்காமப் பாதயாத்திரை. செல்வச்சந்நிதியில் வெளிக்கிட்டு, வன்னிக்குள்ளால் வந்து, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில், உகந்தை எண்டு கிழக்குக் கரையோடு கிட்டத்தட்ட ஒன்றரை மாதம் நடை. வைகாசி, ஆனி வறட்சிக் காலம். நந்திக்கடல் போன்ற களப்புகளின் வாயை மணல் அடைத்திருக்கும். மாரியில் தண்ணீர் ஓடுகிற இடத்தைக் கோடையில் காலால் கடக்கலாம். 1983 க்குப் பிறகு வடக்கிலிருந்து வந்த நடை நின்றது. பின்னாளில்தான் சந்நிதியிலிருந்து திரும்பத் தொடங்கியது.

போன வருசம் நானும் என்ர கூட்டாளியும் கண்டாவளையிலிருந்து கொக்குத்தொடுவாய்க்குச் சைக்கிளில் மூன்று நாள் எடுத்துப் போனம். அவன் ஊர் அது. வழிகாட்டியாக எங்களிட்ட இருந்தது என்ர அம்மம்மா சொன்ன பட்டியல்: "விசுவமடுவில பன்னிரண்டு நாள், உடையார்கட்டில ஒரு கிழமை, தேவிபுரத்தில உழவு மெசினை விட்டது, வலைஞர்மடத்தில ரெண்டு மாதம்." 2009 தை நடுப்பகுதியில் தர்மபுரத்திலிருந்து வெளிக்கிட்டவ முள்ளிவாய்க்காலைத் தாண்டினது வைகாசியில். இண்டைக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடின தூரம். அவவுக்கு நாலு மாதம். தை மாதம் அரசு அறிவித்த முதல் பாதுகாப்பு வலயம் 35.5 சதுர கிலோமீற்றர். பெப்ரவரி 12 இல் அறிவித்த இரண்டாவது, மாத்தளனிலிருந்து தெற்கே ஒரு கரைத்துண்டு, ஏறத்தாழ 14. அதற்குள்தான் வலைஞர்மடம்.

இந்தப் பட்டியல் எங்கட பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கு. எந்த ஊர், எத்தனை நாள், அங்க எதை விட்டம். இதை ஆதாரம் எண்டு நான் சொல்லுவன். கோட்டை எப்ப விழுந்தது எண்டு எழுதுகிற கவனத்தோடு இதையும் எழுதவேண்டும். சொல்ல ஆக்கள் உயிரோட இருக்கேக்கையே.

ஒவ்வொரு ஊரிலும் இறங்கி நிண்டம். சில இடத்தில் பிளேன் ரீ, சில இடத்தில் கதை, முள்ளிவாய்க்காலில் ஒண்டுமே கதைக்கேல்லை. அங்க வந்து கமராவைத் தூக்கிக்கொண்டு பத்து நிமிசத்தில திரும்புகிற வான்களைப் பற்றி நான் இங்க எழுதப்போறதில்லை. நாயாற்றில் தெற்கிலிருந்து பருவத்துக்கு வந்த மீனவரின் வாடிகள் வரிசையாக இருந்தன. கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் தண்ணீர்க் குழாய் புதைக்க வெட்டியபோது மனித எலும்புகள் வந்த இடம் பெருவீதியின் ஓரத்திலேயே இருக்கு. பஸ்ஸில் எத்தனையோ தடவை அதைக் கடந்திருக்கிறன் எண்டு கூட்டாளி சொன்னான். சைக்கிளில இருந்து இறங்கினது அண்டைக்குத்தான்.

அவன்ர அப்பம்மாவின் பட்டியல் 1984 மார்கழியில் தொடங்குது, ஆமி எழும்பச் சொன்ன நாளிலிருந்து. அலம்பில், முள்ளியவளை, புதுக்குடியிருப்பு, பிறகு மாத்தளன், வலைஞர்மடம், வட்டுவாகல், மெனிக் பாம். வலைஞர்மடம் எண்டதும் நான் நிமிர்ந்தன். எந்தப் பக்கம் எண்டு கேட்டன். கோயிலுக்குக் கிட்ட, கடற்கரைப் பக்கமா, தறப்பாளுக்குக் கீழ எண்டா. அம்மம்மாவும் கோயிலுக்குக் கிட்ட எண்டுதான் சொன்னவ. இரண்டு பட்டியலையும் ஒரே கொப்பியில் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதியிருக்கிறம். பங்குனி மாதத்துக்கு நேரே இரண்டு பக்கத்திலும் ஒரே ஊர்.