மேக் ப்ரோ கணினியில் சேமிப்பக விரிவாக்கம்

மேக் ப்ரோ, ஆப்பிள் நிறுவனத்தின் உயர்நிலை மேசைக் கணினி. 2006-இல் அறிமுகமானது. திரைப்படத் தொகுப்பாளர்கள், ஒளிப்படக் கலைஞர்கள், இசைப்பதிவுக் கூடத்தினர் ஆகியோரே இதன் முதன்மைப் பயனர்கள். இவர்கள் வேலையில் செயலியின் வேகம் போதாமல் போவதற்கு முன்பே சேமிப்பிடம் தீர்ந்துவிடும். ஆகவே, அதிகம் செலவில்லாமல் இடத்தைப் பெருக்கும் வழிகளும் இந்தக் கணினியோடு சேர்ந்தே வளர்ந்தன. ஹார்டு டிஸ்க்கின் விலை பொதுவாக இறங்கிக்கொண்டே வந்தது. ஆனாலும் பயனரின் மொத்தச் செலவை முடிவு செய்தது பெட்டியின் அமைப்புதான். உள்ளே காலி இடம் இருந்த காலத்தில் டிஸ்க்கின் விலையோடு செலவு முடிந்தது. அந்த இடம் போனபின் அதே டிஸ்க்குக்குக் கூடு, கேபிள், பவர் அடாப்டர் என்று தனித்தனியே பணம் போனது.

இந்தத் தேடலின் வேர் மேக் ப்ரோவுக்கு முந்தியது. 1988-இல் பெர்க்லி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும், விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சிறிய டிஸ்க்குகள் பலவற்றை இணைத்து வேகமும் பாதுகாப்பும் பெறலாம் என்று ஒரு கட்டுரையில் வாதிட்டனர். ரெய்டு எனப்படும் அந்த முறை, பின்னாளில் வீட்டு மேசைக்கும் வந்து சேர்ந்தது. மேக் ப்ரோவுக்கு முன் 2003-இல் வந்த பவர் மேக் ஜி5-இல் உள்ளே இரண்டு ஹார்டு டிஸ்க்குகளுக்கே இடமிருந்தது.

நான்கு தட்டுகளின் காலம் (2006–2012)

2006 ஆகஸ்ட் 7 அன்று வெளியான முதல் மேக் ப்ரோவின் அடிப்படை வடிவத்தில் இருந்தது 250 ஜிபி ஹார்டு டிஸ்க் ஒன்று. அதை வாங்கியவர்களைக் கவர்ந்தவை காலியாக இருந்த மற்ற மூன்று இடங்கள். பின்புறத் தாழ்ப்பாளைத் தூக்கிப் பக்கக் கதவைக் கழற்றினால், 1 முதல் 4 வரை எண்ணிட்ட நான்கு அலுமினியத் தட்டுகள் வரிசையாகத் தெரியும். ஒன்றை வெளியே இழுத்து, கடையில் வாங்கிய 3.5 அங்குல சாட்டா ஹார்டு டிஸ்க்கை நான்கு திருகுகளால் அதில் பொருத்தி, உள்ளே தள்ளினால் வேலை முடிந்தது. கேபிள் கிடையாது, மின்சாரமும் தரவும் பின்னாலிருக்கும் ஒரே இணைப்பியில் சேர்ந்துவிடும். இரண்டு நிமிட வேலை. மேசைக் கணினி வரலாற்றில் இவ்வளவு எளிதாக டிஸ்க் சேர்க்கவிட்ட பெட்டிகள் மிகக் குறைவு.

முதல் தட்டில் இயங்குதளம், இரண்டிலும் மூன்றிலும் ரெய்டு 0 முறையில் (வேகத்துக்காகத் தரவைப் பிரித்து எழுதுவது) சேர்த்த வேலைக்கோப்புகள், நான்காவதில் நகல் என்பது பலரும் பின்பற்றிய ஏற்பாடு. 2007 அக்டோபரில் லெப்பர்ட் இயங்குதளத்தோடு டைம் மெஷின் என்ற தானியங்கி நகலெடுப்பு வசதி வந்தபின் நான்காம் தட்டு அதற்கென்றே ஒதுக்கப்பட்டது. ரெய்டு 0, ஒரே தரவை இரு டிஸ்க்கிலும் எழுதும் ரெய்டு 1 இரண்டையும் இயங்குதளமே செலவில்லாமல் செய்து கொடுத்தது. வேகமும் பாதுகாப்பும் சேர்த்துத் தரும் ரெய்டு 5 வேண்டுமென்றால் ஆப்பிளின் ரெய்டு அட்டையைப் பல நூறு டாலர் கொடுத்து வாங்க வேண்டும். கையைக் கடிக்கும் அந்த அட்டையைத் தனியாக வேலை செய்வோர் பெரும்பாலும் தவிர்த்தனர். அதே பணத்தில் கூடுதல் டிஸ்க்குகள் வாங்கி முழு நகல் எடுத்து வைக்கலாம் என்ற அவர்கள் கணக்கு சரிதான்.

நான்கும் நிறைந்தவர்கள் டிவிடி டிரைவ் இருக்கும் மேல்பகுதியைக் கண்டுபிடித்தார்கள். அங்கே இரண்டு டிரைவ்களுக்கு இடமுண்டு. இரண்டாவது பெரும்பாலும் காலி. 2006, 2008 மாடல்களின் மதர்போர்டில் பயன்படுத்தப்படாத இரண்டு சாட்டா முனைகள் இருந்தன. அங்கிருந்து கேபிள் இழுத்தால் ஐந்தாவது, ஆறாவது டிஸ்க் தயார். எஸ்எஸ்டி வந்தபோது, எடையும் அசையும் பாகமும் இல்லாத அதை இருபக்க ஒட்டுப்பட்டையால் அங்கே ஒட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டியவர்கள் உண்டு. ஆப்பிள் விற்காத எஸ்எஸ்டிகளுக்கு டிரிம் வசதியை (அழித்த கோப்புகளின் இடத்தை எஸ்எஸ்டிக்குத் தெரிவிப்பது) அதிகாரபூர்வமாகத் திறந்துவிட, 2015-இல் வந்த யோசெமிட்டி 10.10.4 இயங்குதளம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடைஞ்சல்கள் இல்லாமல் இல்லை. 2011 அக்டோபரில் தாய்லாந்து வெள்ளத்தில் வெஸ்டர்ன் டிஜிட்டல் ஆலை மூழ்க, உலகெங்கும் ஹார்டு டிஸ்க் விலை எகிறியது. பின்னர் வந்த 6 டெராபைட்டும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள டிஸ்க்குகள் பலவற்றில் அடிப்பக்கத் திருகுத் துளைகள் இடம் மாறியிருந்ததால் பழைய தட்டில் பொருந்தவில்லை. மாற்றுத் தட்டு வாங்கியவர்கள் சிலர். கிடைத்த இரண்டு துளைகளில் மட்டும் திருகை முடுக்கி ஒப்பேற்றியவர்கள் பலர். வெளியே இணைத்தால் அப்போது ஆமை வேகம்தான். யுஎஸ்பி 2.0-இல் நொடிக்கு 40 எம்பி கிடைப்பதே அரிது, ஃபயர்வயர் 800 அதைப்போல் இருமடங்கு. இந்த வடிவம் விற்பனையில் இருந்தவரை யுஎஸ்பி 3 அதில் சேர்க்கப்படவே இல்லை. வெளி டிஸ்க்குக்கான இ-சாட்டா அல்லது யுஎஸ்பி 3 அட்டையைப் பயனரே வாங்கிச் செருக வேண்டும்.

இந்தப் பழைய பெட்டிக்கு மறுவாழ்வு தந்தவை பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டுகள். உள்ளே இருந்த சாட்டா முனையின் வரம்பு நொடிக்கு 3 கிகாபிட். எம்.2 எஸ்எஸ்டி ஒன்றை எளிய மாற்று அட்டையில் ஏற்றி ஸ்லாட்டில் செருகினால், அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 1,500 எம்பி கிடைத்தது. முதலில் அதிலிருந்து கணினியைத் துவக்குவதில் சிக்கல் இருந்தது. 2018-இல் மொஹாவி இயங்குதளத்தோடு வந்த ஃபர்ம்வேர், 2010, 2012 மாடல்களில் இத்தகைய என்விஎம்இ வகை எஸ்எஸ்டியிலிருந்து நேரடியாகத் துவக்க வழிசெய்தது. விற்பனையை நிறுத்தி ஐந்து ஆண்டு ஆன ஒரு கணினிக்கு ஆப்பிள் செய்த இந்த உபகாரம் அதன் வழக்கத்துக்கே புதிது.

உருளை (2013–2019)

2013 டிசம்பரில் வந்த இரண்டாம் தலைமுறை, 9.9 அங்குல உயரமுள்ள கருப்பு உருளை. தட்டுகளும் இல்லை, ஸ்லாட்டுகளும் இல்லை. 2,999 டாலர் கொடுத்தவருக்கு 256 ஜிபி எஸ்எஸ்டி கிடைத்தது. ஆப்பிள் தந்த உச்சம் 1 டெராபைட். மற்றதெல்லாம் வெளியே, ஆறு தண்டர்போல்ட் 2 முனைகள் வழியே. முனைக்கு ஆறு வீதம் 36 கருவிகள் வரை தொடுக்கலாம் என்பது விளம்பரம். 2011-இல் பிராமிஸ் நிறுவனத்தின் பெகாசஸ் ஆர்4 பெட்டி 4 டெராபைட்டோடு 999 டாலருக்கு வந்திருந்தது. இரண்டு மீட்டர் தண்டர்போல்ட் கேபிளுக்கு மட்டும் அப்போது 49 டாலர். கோபுர வடிவக் கணினியில் டிஸ்க்கின் விலையோடு முடிந்த செலவு இங்கே பலமடங்கானது. கையிருப்புக் குறைந்தவர்கள் யுஎஸ்பி 3 பெட்டிகளை நாடினார்கள். சுழலும் டிஸ்க் ஒன்றிரண்டுக்கு அந்த வேகம் தாராளம். அவற்றைத் தண்டர்போல்ட்டில் மாட்டுவது வீண்செலவு. உள்ளிருந்த எஸ்எஸ்டி ஆப்பிளின் தனி இணைப்பி கொண்டது. ஹை சியரா இயங்குதளத்துக்குப்பின் சிறிய அடாப்டர் ஒன்றைச் செருகிப் பொது எம்.2 எஸ்எஸ்டியை அதில் மாட்டும் வழி பரவியது. 2017 ஏப்ரலில் ஆப்பிள் அதிகாரிகள் செய்தியாளர் சிலரை அழைத்து, உருளை வடிவம் தங்கள் கையைக் கட்டிவிட்டதை ஒப்புக்கொண்டனர்.

ஸ்லாட்டுகள் திரும்பியபின்

2019 டிசம்பரில் எட்டு ஸ்லாட்டுகளோடு கோபுரம் திரும்பியது. தொடக்க விலை 5,999 டாலர். அதற்கும் 256 ஜிபிதான். உள்ளிருந்த எஸ்எஸ்டி ஆப்பிளின் டி2 பாதுகாப்புச் சில்லோடு பிணைக்கப்பட்டது. 2020-இல் ஆப்பிள் தனியே விற்ற மாற்றுத் தொகுதியின் விலை 1 டெராபைட்டுக்கு 600 டாலர், 8 டெராபைட்டுக்கு 2,800 டாலர். மாட்டியபின் இன்னொரு மேக் கணினியை இணைத்து ஃபர்ம்வேரை மீட்டமைக்க வேண்டும். பழைய தரவு போய்விடும். கடையில் 1 டெராபைட் எம்.2 எஸ்எஸ்டி மூன்றில் ஒரு பங்கு விலைக்கே கிடைத்ததால், நான்கு எஸ்எஸ்டி ஏற்கும் அட்டையை ஸ்லாட்டில் செருகுவதே புத்திசாலிகளின் வழியாயிற்று. பெருங்கொள்ளளவுக்கு, 8 டெராபைட் ஹார்டு டிஸ்க் ஒன்றோடு வந்து இன்னொன்றுக்கும் இடம் தந்த பெகாசஸ் ஜே2ஐ சட்டம் 399 டாலர். கணினியின் நான்கு சக்கரங்களுக்கு ஆப்பிள் வாங்கியது 400 டாலர் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

2023 ஜூனில் எம்2 அல்ட்ரா சில்லோடு வந்த மாடலின் விலை 6,999 டாலர். அதே சில்லும், அதே 64 ஜிபி நினைவகமும், 1 டெராபைட் சேமிப்பகமும் கொண்ட, ஸ்லாட் இல்லாத சிறிய மேசைக் கணினியான மேக் ஸ்டூடியோ அப்போது 3,999 டாலர். இந்த மேக் ப்ரோவின் ஸ்லாட்டுகளில் கிராபிக்ஸ் அட்டை வேலை செய்யாது. சேமிப்பகம், நெட்வொர்க், ஒலி-ஒளி அட்டைகளுக்கே அவை பயன்படும். ஆக, 3,000 டாலர் வித்தியாசம் பெரும்பாலும் ஸ்லாட்டுகளுக்கான விலை. நொடிக்கு 3,000 எம்பிக்கு மேல் தேவைப்படாதவருக்கு மேக் ஸ்டூடியோவும் வெளியே ஒரு தண்டர்போல்ட் எஸ்எஸ்டி பெட்டியும் போதும். 2025-இல் மேக் ஸ்டூடியோவுக்குத் தண்டர்போல்ட் 5 வந்தபின் அந்த வரம்பும் உயர்ந்துவிட்டது. அந்த 2025 மாடலில் உள்ளேயே 16 டெராபைட் கேட்டவரிடம் ஆப்பிள் அப்போது கூடுதலாக வாங்கிய தொகை 4,600 டாலர்.