வால்யூம் திருகுக்குள் ஒரு ஜாதகம்

உங்கள் தாத்தா வீட்டு வால்வு ரேடியோவைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். திருகைத் திருப்பினால் முதலில் 'டக்' என்று ஒரு சத்தம். உள்ளே மஞ்சள் வெளிச்சம். வால்வு சூடாகிற வரை மௌனம். அப்புறம்தான் பாட்டு. வருஷம் ஏற ஏற, திருகைத் தொட்டாலே 'கர்ர்... புர்ர்...' என்று ஒரு கரகரப்பு சேர்ந்துகொள்ளும். தாத்தா ஓங்கித் தலையில் ஒரு தட்டு தட்டுவார். ரேடியோவின் தலையில்தான்!

அந்தக் கரகரப்பு எங்கிருந்து வந்தது? திருகுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயம் அகலத்தில் ஒரு தகர டப்பி இருக்கும். அதற்குள் குதிரை லாடம் போல வளைந்த கார்பன் தடம். அதன்மேல் ஊர்ந்துபோகும் ஓர் உலோக நாக்கு. தடத்தில் தூசி படிந்தாலோ, தேய்ந்தாலோ நாக்கு தடுமாறும். ஸ்பீக்கர் அலறும். இந்த டப்பிக்கு முழுப்பெயர் பொடென்ஷியோமீட்டர். தொழில்காரர்கள் செல்லமாக 'பாட்' என்பார்கள். இதன் கொள்ளுத்தாத்தாவை 1841-ல் ஜெர்மன் விஞ்ஞானி பொகெண்டார்ஃப் விவரித்தார். அவருக்குப் பாட்டும் தெரியாது, ரேடியோவும் தெரியாது. பாட்டரியின் மின்னழுத்தத்தைத் துல்லியமாக அளக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை.

சரி, இந்தத் துக்கடா டப்பிக்கு எதற்கு ஒரு கட்டுரை?

சொல்கிறேன். அமெரிக்காவில் இன்றைக்கு லட்சக்கணக்கான டாலர் வியாபாரங்களில் முக்கியமான சாட்சி இந்த டப்பிதான். இதைத் தேடிப் பழைய ரேடியோக்களையும் ஆர்கன்களையும் கூறுபோடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஏனென்றால், டப்பியின் முதுகில் அதன் ஜாதகம் குத்தப்பட்டிருக்கிறது.

அமெரிக்க ரேடியோ உற்பத்தியாளர்கள் 1924-ல் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பலமுறை பெயர் மாறி, 1957-ல் அது 'ஈ.ஐ.ஏ.' ஆனது. ஒவ்வொரு பாகத்தையும் எந்த ஆலை, எப்போது செய்தது என்று தெரிய வேண்டுமே? ஆலைக்கு ஓர் எண் கொடுத்தார்கள். மில்வாக்கியின் சென்ட்ராலேபுக்கு 134. எல்கார்ட் நகரத்தின் சி.டி.எஸ்.ஸுக்கு 137. ஸ்டாக்போலுக்கு 304. ஸ்பீக்கர்களுக்கும் இதே ஏற்பாடு, ஜென்சன் என்றால் 220. ஆலை எண்ணுக்குப் பின்னால் வருஷம், அதற்குப் பின்னால் வாரம்.

எங்கே, இதைப் படியுங்கள் பார்ப்போம்: 1376612.

137 என்றால் சி.டி.எஸ். 66 என்றால் 1966. 12 என்றால் பன்னிரண்டாவது வாரம். அதாவது, மார்ச் மாதக் கடைசி. எவ்வளவு சுலபம்!

ஐம்பதுகளில் மட்டும் கொஞ்சம் குழப்பம். வருஷத்துக்கு ஒரே ஓர் இலக்கம்தான் குத்துவார்கள். 134832 என்றால் சென்ட்ராலேப், 8-ல் முடிகிற வருஷம், 32-வது வாரம். 1948-ஆ, 1958-ஆ? அது உட்கார்ந்திருக்கும் சாமானைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் கிட்டாருக்குள் இருந்தால் சந்தேகமே வேண்டாம், 1958. ஏனென்றால், அந்த கிட்டார் பிறந்ததே 1952-ல்தான்.

இப்போது கதையின் நாயகனிடம் வந்துவிட்டோம். 1958-லிருந்து 1960 வரை லெஸ் பால் கிட்டார், சூரிய அஸ்தமன நிறத்தில் வந்தது. முந்நூறு டாலருக்கும் குறைவான விலை. ஆனாலும் போணியாகவில்லை. கம்பெனி அந்த வடிவத்தையே கைவிட்டது. 1966-ல் எரிக் கிளாப்டன் என்ற இங்கிலாந்து இளைஞர், ஜான் மேயாலின் குழுவோடு ஓர் இசைத்தட்டில் அந்தப் பழைய கிட்டாரை வாசித்தார். கேட்டவர்கள் சொக்கிப்போனார்கள். விற்காத சரக்குக்கு இப்போது அடிதடி. 1968-ல் லெஸ் பாலை கிப்சன் மறுபடி செய்ய ஆரம்பித்தது. ஆனால், ரசிகர்கள் கேட்டது பழசை! இன்றைக்கு நல்ல நிலையில் உள்ள 1959-ஆம் வருஷத்து கிட்டார் பல லட்சம் டாலர்.

பணம் வந்தால் பின்னாலேயே யார் வருவார்? போலி ஆசாமி.

மரத்தைப் பழசாக்கலாம். வார்னிஷில் விரிசல் விழவைக்கலாம். தலையின் பின்பக்கம் மையில் குத்திய வரிசை எண்ணையும் போலி செய்யலாம். ஆனால், உள்ளே இருக்கும் நாலு டப்பிகள்? வால்யூமுக்கு இரண்டு, டோனுக்கு இரண்டு. பின்பக்க மூடியைக் கழற்றிப் பார்த்தால் நாலு சாட்சிகளும் தேதி சொல்லும். 1959 என்று விற்கப்படும் கிட்டாருக்குள் நாலு டப்பியிலும் 1972 என்றிருந்தால்?

'மாட்டிக்கிட்டான்!' என்று அவசரப்பட்டுவிடாதீர்கள். கரகரத்த டப்பியை எழுபதுகளில் ஒரு மெக்கானிக் நியாயமாகவே மாற்றியிருக்கலாம். சாட்சி பொய் சொல்லவில்லை, ஆனால் நாம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

இன்னொரு பொறியும் உண்டு. நான் காமர்ஸ் படித்தவன். இந்த இடத்தில் எனக்கு ஸ்டாக் கணக்கு வாத்தியார் ஞாபகத்துக்கு வருகிறார். 'சரக்கு வாங்கின தேதியும் செலவான தேதியும் ஒண்ணு இல்லடா' என்பார். கிப்சனின் போட்டிக் கம்பெனி ஃபெண்டர். அதை 1965-ல் 13 மில்லியன் டாலருக்கு சி.பி.எஸ். என்ற ஒலிபரப்பு நிறுவனம் வாங்கியது. அடுத்த வருஷம் சி.டி.எஸ். டப்பிகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. விளைவு? 1967, 68, 69-ல் செய்த ஃபெண்டர் கிட்டார்களுக்குள்ளும் 1966 என்றே குத்தியிருக்கிறது! அதை மட்டும் பார்த்து, 'என்னுடையது 66 மாடல்' என்று பெருமைப்படுகிறவர்களுக்கு வாத்தியாரின் பாடம்தான் பதில். டப்பி பிறந்த தேதிக்கு முன்னால் கிட்டார் முழுமையாகியிருக்க முடியாது, அவ்வளவுதான். எத்தனை நாள் கழித்து என்று டப்பி சொல்லாது. ஒரு குடத்துக்குள் சோழர் காசு கிடைத்தால், குடத்தைப் புதைத்தது அந்தக் காசு அடிக்கப்பட்ட பிறகு என்றுதானே சொல்ல முடியும்? அதே தர்க்கம்.

எனவே, தெரிந்தவர்கள் எண்ணோடு நிறுத்துவதில்லை. ஈயப் பற்றைப் பார்க்கிறார்கள். ஆலையில் ஒரே தடவை சூடு வைத்த பற்று ஒரு மாதிரி, உருக்கி மறுபடி வைத்த பற்று வேறு மாதிரி. தொடாத பற்று இருந்தால் விலை கூடும். சூடு பட்டிருந்தால் கேள்விகள் கிளம்பும்.

காதுக்காகவும் இதைத் தேடுகிறார்கள். கிப்சனின் டப்பிகள் வழக்கமாக 500 கிலோ ஓம், ஃபெண்டரில் பெரும்பாலும் 250. ஓம் குறைந்தால் கிட்டாரின் கூர்மையான ஒலி கொஞ்சம் மழுங்கும். 500 என்று எழுதியிருப்பது 400-ஆகவும் இருக்கலாம், 600-ஆகவும் இருக்கலாம், அன்றைய தயாரிப்பு அப்படி. ஒரே வருஷத்து இரண்டு கிட்டார்கள் வேறு வேறாகப் பாடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால், இதே அளவில் புது டப்பி கடையில் சில டாலருக்குக் கிடைக்கிறது. அதே ஓம், அதே வளைவு இருந்தால் காதுக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. ஐம்பதுகளின் சென்ட்ராலேப் டப்பிக்கு நூற்றுக்கணக்கான டாலர் கொடுப்பவர் சத்தத்தை வாங்கவில்லை, தேதியை வாங்குகிறார்.

சிக்கலும் இங்கேதான். சரியான தேதி கொண்ட டப்பி எங்கே கிடைக்கும்? அதே ஆலைகள் ரேடியோவுக்கும் டி.வி.க்கும் ஆர்கனுக்கும் டப்பி செய்தன. அவற்றைப் பிரித்து எடுக்கிறார்கள். எடுத்தது நேர்மையான ரிப்பேருக்குப் போகலாம், பொய்யான கிட்டாருக்குள்ளும் போகலாம். எதில் போனாலும், எடுத்த இடத்தில் ஒரு ரேடியோ ஊமையாகிறது. ஒரு சாமானின் வரலாற்றை நிரூபிக்க இன்னொரு சாமானின் வரலாறு அழிகிறது. இடம் மாறிய சாட்சியிடம் உண்மையான தேதி இருக்கும். ஆனால், அது சொல்லும் கதை பொய்.

அதனால், உங்கள் பரணில் பழைய ரேடியோ ஏதாவது இருந்து, திருகு கரகரத்தால், உடனே பிடுங்கி எறியாதீர்கள். விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள். கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு, திருகை இருபது தடவை இப்படியும் அப்படியும் திருப்பினால் பல டப்பிகள் பிழைத்துவிடும். பழைய வால்வு செட்டை நீங்களாகத் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஷாக் மிச்சமிருக்கும்.

அவர் திறக்கும்போது பக்கத்தில் நின்று டப்பியின் முதுகை மட்டும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள். எண் ஏதாவது இருந்தால் குறித்துக்கொண்டு, அதை அங்கேயே இருக்க விடுங்கள்.