கோவை ஆய்வுக்கூடங்களும் திருப்பூர்ப் பெண்பிள்ளைகளும்

கரும்பையும் மக்காச்சோளத்தையும் கலந்து ஒரு கலப்பினத்தை உண்டாக்கியது பற்றி 1938இல் லண்டன் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு குறிப்பு வெளிவந்தது. எழுதியவர் ஈ.கே. ஜானகி அம்மாள். வேலை நடந்த இடம் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையம். திருப்பூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் தொலைவுதான்.

தலச்சேரியில் 1897இல் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, 1931இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். 1934இல் கோவை நிலையத்தில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே இந்திய அறிவியல் அகாதமி அவரை உறுப்பினராக்கியது. ஆனாலும் உடன் பணியாற்றிய ஆண்களோடு இணக்கமில்லாத சூழலில் 1939இல் இங்கிலாந்துக்குப் போய்விட்டார். அங்கே குரோமோசோம் ஆய்வாளர் டார்லிங்டனோடு சேர்ந்து எழுதிய பயிர்க் குரோமோசோம் தொகுப்பு 1945இல் வெளியானது. அங்கே ஒரு மக்னோலியா வகைக்கே அவர் பெயரைச் சூட்டினார்கள். இங்கே பத்மஸ்ரீ கிடைத்தபோது ஆண்டு 1977. அவருக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது. அவருடைய ஆய்வில் குறையே இல்லை. ஆய்விதழில் அச்சான பெயர் கரும்புக் காட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வந்து சேர வழிதான் இல்லை. கொங்கு வட்டாரத்தில் பெண் ஆய்வாளரின் வரலாற்றைத் தொடர்ந்து பார்த்தால், அந்த வழியை யாராவது முனைந்து அமைத்தபோதெல்லாம் பெயர் வெளியே வந்திருப்பது தெரியும்.

வழி அமைத்தவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம். தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் வழியே அவர் முன்னின்று நடத்திய கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வந்தது. அறிவியலைத் தமிழிலேயே படிக்கலாம் என்ற நம்பிக்கையை அது பொது வாசகருக்குத் தந்தது. 1957இல் கோவையில் பெண்களுக்கென்றே மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். மனையியல் என்றதும் சமையலும் தையலும் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. அது பெரிய தவறு. செங்கத்தில் பிறந்து, ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ராஜம்மாள் பா. தேவதாஸ் அந்தக் கல்லூரியில் வளர்த்தெடுத்தது முழுமையான ஊட்டச்சத்து அறிவியல்.

அவருடைய ஆய்வுப் பொருளே மக்களிடம்தான் இருந்தது. கேழ்வரகும் பயறும் கீரையும் குழந்தையின் எடையை எப்படி மாற்றுகின்றன என்று அறிய ஊர்களுக்குப் போயே ஆகவேண்டும். தாய்மார்களிடம் அவர்கள் பேச்சிலேயே பேசியாகவேண்டும். 1982இல் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியதை அடுத்து, அத்திட்டத்தைப் பற்றிய நூலொன்றையும் ராஜம்மாள் எழுதினார். கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது, அவர் துணைவேந்தரானார். 1992இல் பத்மஸ்ரீ பெற்றார். மக்களிடம் போவது அவருக்கு ஆய்வுக்கு வெளியே ஒரு தனி வேலையாக இருக்கவில்லை. ஜானகி அம்மாளுக்குக் கிடைக்காத வாய்ப்பு இதுதான்.

அறிவியலை மக்களிடம் கொண்டுபோகும் இன்னொரு முயற்சியாகத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980இல் தொடங்கியது. சிறுவர்களுக்கான அதன் அறிவியல் இதழ் 'துளிர்' 1987 முதல் வருகிறது. இதே காலத்தில்தான் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி பெருகியது. பனியன் கம்பெனிகளில் பிசிர் வெட்டவும் செக்கிங் பார்க்கவும் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தார்கள். பத்தாவதோடு படிப்பை நிறுத்தும் ஒரு பிள்ளைக்குக் கண்முன் தெரிந்த வேலை அதுதான். விஞ்ஞானி வேலை அவள் கண்ணில் படவே இல்லை.

கண்ணில் படுவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. ஆய்வாளர் டேவிட் சேம்பர்ஸ் 4,807 குழந்தைகளிடம் விஞ்ஞானி ஒருவரை வரையச் சொன்னார். முடிவை 1983இல் வெளியிட்டார். பெண் விஞ்ஞானியை வரைந்தவர்கள் 28 பேர். அத்தனை பேரும் சிறுமிகள்.

நம் நாட்டில் அந்தப் படத்தை மாற்றியதில் விண்வெளித் துறைக்குப் பங்கு பெரிது. 2014 செப்டம்பரில் மங்கள்யான் விண்கலம் செவ்வாயைச் சுற்றத் தொடங்கியபோது, பட்டுப்புடவை கட்டிய பெண்கள் மகிழ்ச்சியில் திளைத்த புகைப்படம் உலகெங்கும் பரவியது. அவர்கள் நிர்வாகப் பணியாளர்கள் என்று இஸ்ரோ பிறகு தெளிவுபடுத்தியது. திட்டத்தில் உண்மையாகவே உழைத்த பெண் விஞ்ஞானிகளின் பெயர்கள் அதன்பிறகே மெல்ல வெளிவந்தன. 2023இல் சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 கிளம்பியபோது நிலைமை மாறியிருந்தது. திட்ட இயக்குநர் செங்கோட்டை நிகர் ஷாஜியின் பெயரும் முகமும் அன்றே தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, அம்பாசமுத்திரத்துக்காரரான ந. கலைச்செல்வி அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் முதல் பெண் தலைமை இயக்குநரானார். காரைக்குடியில் மின்வேதியியல் ஆராய்ச்சி செய்துவந்தவர் அவர்.

திருப்பூருக்கு இவர்கள் தூரத்து எடுத்துக்காட்டுகள். ஊருக்குள்ளேயே அறிவியல் இருக்கிறது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, ஒரத்துப்பாளையம் அணையில் நஞ்சு தேங்கி, 2011 தொடக்கத்தில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரிக்கும் முறை இங்கே வேரூன்றியது. சவ்வு வழியே நீரைப் பிரிப்பது, மிஞ்சியதைக் கொதிக்கவைத்து உப்பை மீட்டு மீண்டும் சாயத்துக்கே அனுப்புவது எல்லாம் வேதியியல்தான். சாயப்பட்டறைப் பக்கத்துத் தெருவில் வளரும் பிள்ளைக்கு அந்த நிறத்தையும் வாடையையும் யாரும் அறிமுகப்படுத்தவேண்டியதில்லை. நீரைச் சோதித்து முடிவு சொல்லும் ஒரு பெண் வேதியியலாளர் பள்ளிக்கு வந்து, அழுக்கு நீர் ஒரு குடுவையும் தெளிந்த நீர் ஒரு குடுவையும் மேசைமேல் வைத்து, இடையில் என்ன நடந்தது என்று தமிழில் ஒரு மணி நேரம் பேசவேண்டும். தன் பெயரையும் சம்பளத்தையும் படித்த படிப்பையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ராஜம்மாள் தாய்மார்களிடம் போனதுபோல, வேதியியலும் பள்ளிகளுக்கு வரவேண்டும். அதைச் சுத்திகரிப்பு நிலையங்களின் அன்றாடப் பணியிலேயே சேர்த்துவிடலாம்.