மன்னர்களாக்கப்பட்ட தெய்வங்கள்

கெல்ட்டிய மொழிகளைப் பேசிய மக்கள் பண்டைய ஐரோப்பாவில் பரந்து வாழ்ந்திருந்தபோதும், அவர்கள் வணங்கிய தெய்வங்களைப் பற்றிய சான்றுகள் ஒரே இடத்தில் முழுமையாகக் கிடைக்கவில்லை. இன்றைய பிரான்ஸை உள்ளடக்கிய காலியாவில் சிலைகளும் கல்வெட்டுகளும் உண்டு. எனினும் துரூயிதுகள் எனப்பட்ட குருமார்கள் தங்கள் போதனைகளை எழுதிவைக்காமல் வாய்மொழியாகவே கற்பித்ததாக ஜூலியஸ் சீசர் குறிப்பிடுகிறார்; அதனால் அச்சிலைகளுக்குரிய கதைகள் மறைந்துபோயின. ரோமப் பேரரசின் ஆட்சிக்கு உட்படாத அயர்லாந்தில் கதைகள் பெருமளவில் எஞ்சியுள்ளன. அவற்றை ஏட்டில் ஏற்றியவர்களோ கிறித்தவத் துறவிகள்.

ஒரே கடவுளை வணங்கிய துறவிகள், முன்னோர் போற்றிய தெய்வங்களைத் தெய்வங்களாகவே எழுத இயலாத நிலையில், அவர்களைப் பழங்கால அரசர்களாகவும் மாயவித்தை கற்ற வீரர்களாகவும் மாற்றினர். 11ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'லெபோர் கபாலா' என்னும் நூல், அயர்லாந்தில் அடுத்தடுத்துக் குடியேறிய இனங்களுள் ஒன்றாகவே 'துவா டே டனன்' எனப்படும் தெய்வக் குலத்தை வரிசைப்படுத்துகிறது. பின்னர் வந்த மனிதர்களிடம் தோற்ற அக்குலத்தார் 'ஷீ' எனப்படும் மண்மேடுகளுக்குள் குடிபுகுந்ததாக மரபு கூறும். குலத்தின் தந்தையாகிய தக்தாவும் அவர் மகன் ஏங்கஸும் உறைந்ததாகச் சொல்லப்படும் நியூகிரேஞ்ச், உண்மையில் கி.மு. 3200 அளவில் எழுப்பப்பட்ட கல்லறை மேடாகும்.

இக்குலத்தின் அரசனான நூவடா போரில் ஒரு கையை இழந்தபோது, அங்கக் குறையுடையவர் ஆளலாகாது என்ற நெறியால் அரியணையைத் துறக்க நேர்ந்தது. மருத்துவத் தெய்வமான டியன் கெக்ட் அவனுக்கு வெள்ளிக் கை பொருத்தினார். அடுத்த பெரும்போரில் நூவடா வீழ்ந்துபட, பல கலைகளிலும் வல்ல லூ, பார்வையாலேயே படைகளை அழிக்கும் பலோரின் கண்ணைக் கவண்கல்லால் துளைத்து வெற்றி தேடித் தந்தான். இங்கிலாந்தின் லிட்னியில் நோடென்ஸ் என்னும் தெய்வத்துக்குரிய ரோமர் காலக் கோயில் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. நோடென்ஸ், நூவடா ஆகிய பெயர்கள் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என மொழியியலாளர் கருதுவதால், அயர்லாந்து ஏடுகளின் 'அரசன்' முன்பு வழிபாடு பெற்ற தெய்வமே என்பது தெளிவாகிறது.

பெண் தெய்வங்களுள் பிரிஜிட் தனியிடம் பெறுகிறாள். ஏறத்தாழ கி.பி. 900இல் எழுந்த கோர்மக்கின் சொற்களஞ்சியம், அவளைத் தக்தாவின் மகளாகவும் கவிஞர்கள் வழிபட்ட தெய்வமாகவும் குறிப்பதோடு, மருத்துவத்துக்கும் உலோகத் தொழிலுக்கும் உரிய, அதே பெயர் கொண்ட இரு சகோதரிகளையும் சுட்டுகிறது. கில்டேர் நகரின் புனித பிரிஜிட்டுக்குரிய திருநாளும், வசந்தத்தை வரவேற்கும் பழைய இம்போல்க் விழாவும் பிப்ரவரி 1ஆம் நாளிலேயே அமைகின்றன. 2023 முதல் அயர்லாந்து அரசு அத்திருநாளை ஒட்டிப் பொது விடுமுறை அளிக்கிறது.

தெய்வங்களின் பீடத்தைப் பறித்த அதே துறவிகள்தாம் அவற்றின் பெயர்களையும் செயல்களையும் அழியாமல் காத்தவர்கள். காலியாவின் சிலைகள் கதையின்றி நிற்பதைக் காணும்போது, அவர்களின் எழுதுகோலுக்கு உலகம் பட்டுள்ள கடன் எத்தகையது என்பது விளங்கும்.