முத்துக்குளிக்கப் போன வழி: வட்டக்கானல்ல இருந்து ஒரு டைவிங் ட்ரிப் ப்ளான்

வட்டக்கானல்ல ரெண்டு நாள் தங்கினவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும். அங்கே டீக்கடையில உட்கார்ந்தா, பாதிப் பேச்சு வட்டக்கானலைப் பத்தி இருக்காது; அடுத்து எங்கே போறதுங்கிறதைப் பத்தித்தான் இருக்கும். ஒருத்தர் அந்தமான் ஹேவ்லாக் தீவுன்னு சொல்வார், இன்னொருத்தர் தாய்லாந்துல கோ தாவ்ன்னு சொல்வார். மலை உச்சியில, மேகத்துக்கு நடுவுல உட்கார்ந்துகிட்டு, கடலுக்கு அடியில போறதுக்குத் திட்டம் போடுறோம். பக்கத்துல இருக்கிற பாறைக்குக்கூட டால்பின் நோஸ்னுதான் பேர்!

இந்த எபிசோட்ல நாமளும் ஒரு டைவிங் ட்ரிப் ப்ளான் பண்ணலாம். ஆனா விமான டிக்கெட் தேவையில்லை. வட்டக்கானல்ல இருந்து கீழே இறங்கி, வத்தலக்குண்டு வழியா மதுரை போய், அங்கேருந்து ஒரு பஸ் பிடிச்சா ராமேஸ்வரம் அல்லது தூத்துக்குடி. இந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல மன்னார் வளைகுடாவுல 21 சின்னத் தீவுகள் வரிசையா இருந்தன. 'இருந்தன'ன்னு ஏன் சொல்றேன்னு கடைசியில வர்றேன். ஸ்கூபா டேங்க் கண்டுபிடிக்கிறதுக்கு ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே, மூழ்கிப் போறதுக்குப் பேர் போன கடல் இது.

கொடைக்கானலுக்கும் அந்தக் கடலுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1834ல் யாழ்ப்பாணத்தில் இருந்து கடல் தாண்டி மதுரைக்கு வந்தவர்கள்தான் அமெரிக்க மிஷனரிகள். மதுரையில் காய்ச்சலும் காலராவும் அவர்களில் பலரைக் கொண்டுபோனதால், 1845ல் பழனி மலை மேலே ஏறி வீடு கட்டினார்கள். கொடைக்கானல் அப்படித்தான் ஊராச்சு. அவங்க வந்த பாதையில நாம திரும்ப இறங்கப் போறோம்.

எந்த ட்ரிப்புக்கும் நாலு கேள்வி உண்டு. எப்போ போறது? யார் கூட? செலவு எவ்வளவு? உள்ளே விடுவாங்களா? இந்த நாலையும் முத்துக்குளிச்சவங்க கிட்டயே கேட்போம்.

முதல் கேள்வி: எப்போ? 13ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, ஏப்ரல் தொடக்கத்தில் இருந்து மே நடுப்பகுதி வரைக்கும்தான் முத்துக்குளிப்புன்னு எழுதுகிறார். பிரிட்டிஷ்காரங்க காலத்துலயும் ஏறக்குறைய அதே கணக்குதான், பிப்ரவரி, மார்ச்சுல தொடங்கும். காரணம் எளிமையானது. வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ஞ்சு, தென்மேற்குக் காற்று கிளம்புறதுக்கு முன்னாடி இருக்கிற அந்த இடைவெளியிலதான் கடல் அடங்கியிருக்கும், தண்ணி தெளிஞ்சிருக்கும். அடியில இருக்கிற சிப்பி கண்ணுக்குத் தெரியணுமே!

ஆனா சீசன் வந்தா மட்டும் போதாது. முத்துச்சிப்பி வாழுற கடலடித் திட்டுகளுக்கு 'பார்' என்று பேர். சில வருஷம் பார் நிறைய சிப்பி இருக்கும், சில சமயம் பத்து இருபது வருஷத்துக்கு ஒண்ணுமே இருக்காது. அதனால முதல்ல ஆளை இறக்கிச் சோதனை பண்ணி, சிப்பி முத்திருக்கான்னு பார்த்துட்டுத்தான் அரசு தேதி அறிவிக்கும்.

ரெண்டாவது கேள்வி: யார் கூட? இன்னைக்கு டைவிங் பயிற்சியில 'படி'ன்னு ஒரு ஜோடியைச் சேர்த்து விடுவாங்க. அன்னைக்கு அந்த ஜோடி படகுல நின்னுச்சு. மூழ்குறவர் காலை ஒரு கல்லுல ஊன்றி, மூச்சை அடக்கி இறங்குவார். கல்லோட கனம் அவரைச் சட்டுனு அடிக்கு இழுத்துட்டுப் போகும். ஒரு நிமிஷம், கொஞ்சம் கூட. அதுக்குள்ள கையில கிடைச்ச சிப்பியை எல்லாம் கூடையில அள்ளணும். கயிறை ஆட்டினா மேலே இருக்கிறவர் இழுக்கணும். அந்தக் கயிறை யார் கையில கொடுப்பாங்க? மச்சான் கையிலன்னு நம்ம ஊர்ல ஒரு பேச்சு உண்டு. தங்கச்சி தாலி அறுந்துடக் கூடாதேன்னு அவன் மட்டும் கண் இமைக்க மாட்டானாம். கேட்கச் சிரிப்பா இருக்கும். ஆனா அந்தப் பேச்சுக்குள்ள எவ்வளவு பயம் இருக்குன்னு யோசிச்சுப் பாருங்க.

சுறா பயமும் இருந்தது. அதுக்குத் தனியா ஆள் உண்டு, பேரு 'கடல்கட்டி'. மந்திரத்தால சுறாவோட வாயைக் கட்டுறவர். மார்க்கோ போலோ இன்னொரு சுவாரசியமான தகவல் தருகிறார்: பகல்ல போட்ட கட்டை அவங்க ராத்திரி அவிழ்த்து விட்டுடுவாங்களாம், அப்போதான் யாரும் திருட்டுத்தனமா இறங்க மாட்டாங்கன்னு. அதாவது அது மந்திரமா இருந்ததோ இல்லையோ, பாருக்கு ராத்திரி வாட்ச்மேன் வேலை பார்த்தது. 19ம் நூற்றாண்டுல பிரிட்டிஷ் அரசும் கடல்கட்டியை விடலை. அவர் இல்லைன்னா யாரும் தண்ணியில இறங்க மாட்டாங்களே!

மூணாவது கேள்விதான் முக்கியமானது: செலவு. இங்கே செலவுன்னா, யாருக்கு என்ன பங்கு. கிரேக்க மொழியில எழுதப்பட்ட 'பெரிப்ளஸ்' என்கிற முதல் நூற்றாண்டுக் கடல் வழிகாட்டி, பாண்டியர் ஆட்சியில் கொற்கையில் முத்துக்குளிக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனைக் கைதிகள் என்று சொல்கிறது. ரோமாபுரி வரைக்கும் போன முத்துக்கு இதுதான் ஆரம்பம். மார்க்கோ போலோ காலத்தில் அரசனுக்குப் பத்தில் ஒன்று, சுறாவைக் கட்டுகிறவருக்கு இருபதில் ஒன்று. 1530களில் இந்தக் கடல் உரிமைக்காகப் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் மோதல் முற்றியது. பரதவர்கள் போர்ச்சுக்கீசியர் உதவியைக் கேட்டு, ஊர் ஊராகக் கிறிஸ்தவத்துக்கு மாறினார்கள். முத்துக் கரையோட மத வரலாற்றையே ஒரு தொழில் தகராறு மாத்திடுச்சு. 1658ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது, அப்புறம் பிரிட்டிஷார்.

1900களில் இலங்கைப் பக்கம் கணக்கு இப்படி: வர்ற சிப்பியில மூணுல ரெண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு உயிரைக் கொடுத்து எடுத்தவங்களுக்கு. மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டியில, ஆளே இல்லாத கரையில சில வாரத்துக்கு ஒரு ஊரே முளைக்கும்: கடைத்தெரு, ஆஸ்பத்திரி, ஜெயில் எல்லாம். கீழக்கரை ஆட்கள், அரபு நாட்டு ஆட்கள், வியாபாரிகள் என ஆயிரக்கணக்கில் கூடுவார்கள். சிப்பியைத் திறக்காமலே ஏலம் விடுவாங்க, உள்ளே முத்து இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. 1906ல் அங்கே வேலை பார்த்த இளம் அதிகாரி லியோனார்ட் ஊல்ஃப், பின்னாளில் வர்ஜீனியா ஊல்ஃபைக் கல்யாணம் பண்ணிக்கிட்டவர். ஒரு அரபுக்காரர் மூழ்கப் போய் இறந்ததையும் கூட இருந்தவர்கள் அழுததையும் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். பாரிஸ்ல 1863லேயே இலங்கை முத்துக்குளிப்பை வச்சு பிஸே ஒரு ஆபரா போட்டுட்டார். அதுல காதல்தான் கதை.

அதே 1906ல் அந்தப் பார்களை 20 வருஷக் குத்தகைக்கு ஒரு லண்டன் கம்பெனி எடுத்தது. அடுத்த வருஷத்தோட சிப்பி காணாமப் போச்சு, கம்பெனியும் மூடிடுச்சு. நம்ம பக்கம் தூத்துக்குடியில கடைசி முத்துக்குளிப்பு 1961ல். அதுக்கப்புறம் அரசு தேதி அறிவிக்கவே இல்லை. 1973ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தூத்துக்குடிப் பக்கத்தில் வளர்ப்பு முத்தை உருவாக்கியது. சங்கு குளிக்கிற தொழில் மட்டும் தொடர்ந்தது.

நாலாவது கேள்வி: உள்ளே விடுவாங்களா? 1986ல் இந்த 21 தீவுகளும் தேசிய கடல் பூங்கா ஆச்சு, 1989ல் உயிர்க்கோளக் காப்பகம். பெரும்பாலான தீவுகள்ல நாம கால் வைக்க அனுமதி இல்லை. பாம்பன் பக்கம் குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகுல கூட்டிப்போக ஏற்பாடு பண்ணியது. அந்தக் குட்டித் தீவோட கடல் உயிர்களைப் பத்தி 1927லேயே சென்னை அரசு அருங்காட்சியகம் ஒரு தனி நூல் போட்டிருக்கு.

தடை ஏன்? பவளப் பாறையை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல வருஷம் ஏத்திட்டுப் போனாங்க. பவளப் பாறைதான் தீவுக்கு மதில். மதில் போனதும் அலை நேரா மணலைத் தின்னுச்சு. பூவரசன்பட்டி, விலங்குச்சல்லின்னு ரெண்டு தீவு கடலுக்குள்ளேயே போயிடுச்சு. அதான் 'இருந்தன'ன்னு சொன்னேன். தூத்துக்குடிக்குப் பக்கத்துல வான் தீவும் கரைஞ்சுகிட்டே வந்து, செயற்கைப் பாறைகளைக் கடல்ல இறக்கித் தாங்கிப் பிடிச்சிருக்காங்க.

ஆனா இந்தத் தடை எல்லார் மேலயும் ஒரே மாதிரி விழலை. மண்டபம், பாம்பன் பக்கம் பெண்கள் தலைமுறையா மூழ்கிக் கடற்பாசி எடுக்கிறாங்க. விரல்ல துணி சுத்திக்கிட்டு, மூச்சை அடக்கிக்கிட்டு. பூங்கா வந்ததும் அவங்க பிழைச்ச இடம் தடை செய்யப்பட்ட இடமா மாறிடுச்சு. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி, மாசத்துல எத்தனை நாள் எடுக்கலாம்னு தாங்களே ஒரு கட்டுப்பாடு வச்சுக்கிட்ட இந்தப் பெண்களை ஒருங்கிணைச்சவர். 2015ல் அமெரிக்காவின் சீக்காலஜி விருது வாங்கினார். கைதி, பரதவர், கீழக்கரை ஆள், அரபுக்காரர், இந்தப் பெண்கள்: மூழ்குறது யாருன்னு காலத்துக்குக் காலம் மாறுது. எங்கே, எப்போ மூழ்கலாம்னு முடிவு பண்றவங்க மட்டும் எப்பவும் கரையிலதான் இருந்திருக்காங்க.

சரி, நம்ம ப்ளான். காத்து அடங்கின மாசத்துல போங்க. அனுமதி உள்ள இடத்துக்கு, வனத்துறை வழியா போங்க. பவளத்தைத் தொடாதீங்க, மிதிக்காதீங்க; கடைத்தெருவுல வித்தா வாங்காதீங்க, அது சட்டப்படி குத்தம். நேரம் இருந்தா மண்டபம் பக்கம் பாசி காயப் போட்டிருக்கிற கரையில நின்னு, அந்த அக்காக்கள் கிட்ட ரெண்டு வார்த்தை பேசுங்க. ஒரு கிலோ பாசிக்கு இப்போ என்ன விலை தர்றாங்கன்னு கேளுங்க. மூணுல ஒரு பங்குங்கிற அந்தப் பழைய கணக்கு இன்னைக்கு எங்கே நிக்குதுன்னு அவங்களே சொல்வாங்க.

அந்தமானும் கோ தாவும் எங்கேயும் ஓடிடாது, அப்புறம் போய்க்கலாம். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.